120 கோடியும் பத்தாவது இடமும்

ஐ.பி.எல். அணிகள் எல்லாவற்றுக்கும் வீரர்களை எடுக்க அனுமதிக்கப்படும் தொகை ஒன்றுதான். 2025 சீசனுக்கு அது 120 கோடி ரூபாய். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு பெங்களூரு முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அதே பணத்தை வைத்திருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் 4-ஐ மட்டும் வென்று, தன் வரலாற்றில் முதல் தடவையாகப் பட்டியலின் அடியில், பத்தாவது இடத்தில், போய் நின்றது. தப்பு எங்கே நடந்தது? பணத்தைப் பிரித்த விதத்திலா, ஆளைப் பொறுக்கிய விதத்திலா, களத்திலா?

மஞ்சள் சட்டைக்கு ஆள் இருக்கிற ஊர்களிலெல்லாம் இந்த வழக்கு நடந்தது. திருப்பூர் ராயபுரம் போன்ற இடத்தில் அது கொஞ்சம் கூடுதல் காரத்தோடு நடந்தால் வியப்பில்லை. காதர்பேட்டை பனியன் கடைகளுக்கு அதிகத் தொலைவில்லாத அந்தப் பகுதியில் ரேட் பேசுவதும், பீஸுக்கு எத்தனை பைசா என்று கணக்குப் பார்ப்பதும் அன்றாடப் பிழைப்பு. "ஏனுங்கண்ணா, அஞ்சு பேருக்கே அறுவத்தஞ்சு கோடியக் குடுத்துப்போட்டா மிச்சத்துல என்னத்தங்க வாங்கறது?" என்பது ஒரு கட்சி. "அஞ்சு கப்பு அடிச்ச டீமுங்க தம்பி, ஒரு வருசம் தோத்தா உடனே பிரிச்சு மேயறதா?" என்பது எதிர்க்கட்சி. டீ ஆறுவதற்குள் இரண்டு பக்கமும் நாலைந்து பெயர்களைச் சாட்சிக்கு இழுத்துவிடும்.

இரண்டுமே பழைய வாதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பரம்பரை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓட்டையும் இருக்கிறது.

அமெரிக்காவில் பிறந்த கணக்கு

அணியின் சம்பளப் பட்டியலைத் தெருவில் வைத்து அலசும் பழக்கம் பேஸ்பால் உலகத்துச் சொத்து. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே ஒரு விதி இருந்தது: ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்குத்தான் கட்டுப்பட்டவர். அணி விற்றால் போகலாம், மாற்றிக்கொண்டால் போகலாம், தானாகப் போக முடியாது. இது இல்லாவிட்டால் பணக்கார அணிகள் நல்ல ஆட்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும் என்பது முதலாளிகள் சொன்ன நியாயம். 1956-ல் சைமன் ராட்டன்பெர்க் என்ற பொருளியலாளர் அந்த நியாயத்தையே கேள்வி கேட்டார். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீரர் கடைசியில் தன்னால் அதிக வருமானம் காணக்கூடிய அணியிடமே போய்ச் சேருவார். அந்த வருமானம் முதலாளி பைக்குப் போகிறதா, வீரர் பைக்குப் போகிறதா என்பதை மட்டுமே விதி தீர்மானிக்கிறது என்றார். 1975 டிசம்பரில் ஒரு நடுவர் தீர்ப்பு அந்தக் கட்டை அவிழ்த்தது. அன்றிலிருந்து அங்கே யாருக்கு எவ்வளவு என்பது ரசிகர்களின் பேச்சாகவும் ஆகிவிட்டது.

பணம்தான் எல்லாம் என்ற நம்பிக்கைக்கு 2002-ல் ஓக்லாண்ட் அணி ஓர் அடி கொடுத்தது. ஏறக்குறைய 4 கோடி டாலர் சம்பளப் பட்டியலோடு அது 103 ஆட்டங்களை வென்றது. அதைப்போல மூன்று மடங்கு செலவழித்த நியூயார்க் யாங்கீஸ் வென்றதும் அதே 103. மற்றவர்கள் குறைத்து மதிப்பிட்ட திறமையைப் புள்ளிவிவரத்தில் தேடிப் பிடித்து மலிவில் வாங்கலாம் என்ற கருத்து அதன் பிறகுதான் உலகமெங்கும் பரவியது. ஓக்லாண்ட் அந்த ஆண்டு முதல் பிளே-ஆஃப் சுற்றிலேயே வெளியேறியது என்பதை அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஐ.பி.எல். 2008-ல் தொடங்கியபோது இங்கிலாந்துக் கால்பந்தின் தாராளத்தைப் பின்பற்றவில்லை. அமெரிக்க லீக்குகளின் உச்சவரம்பை எடுத்துக்கொண்டது. பேஸ்பாலில்கூட உச்சவரம்பு இளகியதுதான், வரி கட்டினால் தாண்டலாம். இங்கே தாண்ட முடியாது. ஏற்றுமதி ஆர்டருக்குப் பையர் விலையை முடித்துக் கொடுத்துவிட்ட நிலைமை இது: நூலுக்கு அதிகம் போய்விட்டால் டையிங்கிலோ தையலிலோ கை வைத்துத்தான் ஆகவேண்டும். ஆகவே "இன்னும் செலவழித்திருக்கலாமே" என்று சென்னை ரசிகர் கேட்க வழியில்லை. எங்கே போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று மட்டும்தான் கேட்கலாம்.

கைவிடாத கட்சி

சென்னை அணிக்கு மட்டுமே உரியதுபோல ஒரு கொள்கை உண்டு. தெரிந்த ஆளை வைத்துக்கொள், வயதைப் பார்க்காதே, ஒரு சீசன் சரியில்லை என்று தூக்கி எறியாதே. இதன் வேர் 2008 பிப்ரவரி 20-ஆம் தேதி மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் இருக்கிறது. சச்சின், திராவிட், கங்குலி, சேவாக், யுவராஜ் ஆகியோர் தத்தம் ஊர் அணிகளுக்கு அடையாள வீரர்களாக முன்பே ஒதுக்கப்பட்டிருந்தார்கள். சென்னைக்கு அப்படி ஒருவர் இல்லை. அந்தக் காலி இடமே வசதியாகப் போயிற்று. கையிலிருந்த 50 லட்சம் டாலரில் 15 லட்சத்தைத் தோனி ஒருவருக்கே கொட்ட முடிந்தது. அன்றைய ஏலத்தில் அதுதான் உச்ச விலை. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி அணியைக் கட்டி, அவரையும் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கையும் பல ஆண்டுகள் மாற்றாமலே வைத்துக்கொண்ட வழிக்கு 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள் சான்று.

இந்தக் கட்சியின் பலமான வாதம் 2018. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு திரும்பிவந்த அணி, முப்பது தாண்டியவர்களாகப் பார்த்து வாங்கியது. "டாட்ஸ் ஆர்மி" (அப்பாக்களின் படை) என்று கிண்டல் கிளம்பியது. 2.2 கோடிக்கு வந்த அம்பத்தி ராயுடு 602 ரன் குவித்தார். 4 கோடிக்கு வந்த ஷேன் வாட்சன், 36 வயதில், இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 117 அடித்தார். அனுபவம் சந்தையில் மலிவாகக் கிடைத்த காலம் அது. ஓக்லாண்ட் வேறு வழியில் செய்ததைச் சென்னை தன் வழியில் செய்தது என்று இதைப் பார்க்க இடமிருக்கிறது.

ஆனால் அந்த வாதத்தை 2024 அக்டோபரில், ஏலத்துக்கு முன் பழைய வீரர்களை நிறுத்திக்கொள்ளும் தக்கவைப்போடு அப்படியே பொருத்த முடியாது. 2018-ல் சென்னை மூத்தவர்களை மலிவாக வாங்கியது. 2024-ல் தெரிந்தவர்களை உச்ச விலைக்கு நிறுத்திக்கொண்டது. கெய்க்வாட் 18 கோடி, ஜடேஜா 18 கோடி, பதிரன 13 கோடி, சிவம் துபே 12 கோடி, தோனி 4 கோடி. ஐந்து ஆண்டுகளாகப் பன்னாட்டு ஆட்டம் ஆடாத இந்தியரை அன்கேப்டு (நாட்டுக்காக ஆடாத) வீரராகக் கணக்கில் எடுக்கலாம் என்ற பழைய விதி, 2021-ல் கைவிடப்பட்டு, சரியாக அந்த ஆண்டு திரும்பிவந்ததால்தான் தோனிக்கு 4 கோடியோடு போயிற்று. மொத்தம் 65 கோடி. ஜெட்டாவில் மெகா ஏலம் தொடங்கும் முன்பே பையில் பாதிக்கு மேல் காலி.

ஏலத்தில் கெய்க்வாடுக்கோ ஜடேஜாவுக்கோ உண்மையில் எவ்வளவு போயிருக்கும் என்பது யாரும் நிரூபிக்க முடியாத ஒன்று. ஆனால் தக்கவைப்பின் இயல்பு ஒன்றைச் சொல்லலாம். அது கடந்த மூன்று ஆண்டு உழைப்புக்கு அடுத்த மூன்று ஆண்டுக்கான விலையைக் கொடுக்கிறது. வயது ஏறுகிற வீரர்கள் விஷயத்தில் இந்த இடைவெளி அணிக்கு எதிராகவே போகும். கைவிடாத கட்சி இதற்கு இன்னும் திருப்தியான பதில் சொல்லவில்லை.

விசில் போடு பிட்ச்

2025 அணியின் கணக்கில் அதிகம் பேசப்படாத ஒரு கூட்டல் இருக்கிறது. ஜடேஜா 18, நூர் அகமது 10, அஸ்வின் 9.75. மூன்று சுழல் பந்துவீச்சாளர்களுக்கு 37.75 கோடி. மொத்தப் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சொந்த மைதானமான சேப்பாக்கம் சுழலுக்கு உதவும் பழைய சேப்பாக்கமாகவே இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் வைத்த பந்தயம்.

பந்தயம் தோற்றது. அங்கே ஆடிய 6 ஆட்டங்களில் வெற்றி மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தோடு சரி. அடுத்த ஐந்தும் தோல்வி. பெங்களூரு 2008-க்குப் பிறகு முதல் தடவையாகச் சேப்பாக்கத்தில் சென்னையை வீழ்த்தியது. டெல்லி 2010-க்குப் பிறகு. ஐதராபாத் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக. ஏப்ரல் 11-ஆம் தேதி கொல்கத்தாவுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 103. அந்த மைதானத்தில் சென்னையின் மிகக் குறைந்த ஸ்கோர். கொல்கத்தா அதை 10.1 ஓவரில் எட்டிவிட்டது; சென்னையைச் சுருட்டியதும் கொல்கத்தாவின் சுழல் பந்துவீச்சாளர்கள்தான். பிட்ச்சைத் தங்களால் கணிக்க முடியவில்லை, சொந்த மண்ணின் அனுகூலம் என்று எதுவும் இல்லை என்ற பொருளில் ஃபிளெமிங் வெளிப்படையாகவே பேசினார்.

இங்கே ஒரு நியாயமும் சொல்லவேண்டும். நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். அந்த சீசனில் அவருக்கு மேலே ஒருவர்தான். பந்துவீச்சை விடப் பேட்டிங்தான் குழியில் தள்ளியது. 3.4 கோடி ராகுல் திரிபாதி 5 ஆட்டங்களில் 55 ரன். கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிந்து ஏப்ரலிலேயே வெளியேறினார். பாதியில் மாற்றாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே 30 லட்சத்துக்கு 7 ஆட்டங்களில் 240 ரன் எடுத்தார். 2.2 கோடிக்கு வந்த டெவால்ட் பிரெவிஸ் 6 ஆட்டங்களில் 225. இவர்களை ஏலத்தின்போதே ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்குத் தக்கவைப்புக் கணக்கைக் குறை சொல்ல முடியாது. 30 லட்சம் ஏலத்தில் ஒதுக்க முடியாத தொகையல்ல. அது கண் தவறியது, பை தவறியது அல்ல. ரசிகர்களின் விவாதம் இந்த இரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகவே குழப்பிவிடுகிறது.

ஒருவருக்குக் கொட்டுவதா, பலருக்குப் பிரிப்பதா

நட்சத்திரத்துக்கு மொத்தமாகக் கொடு என்பவர்களும் பரவலாகப் பிரி என்பவர்களும் 2025 ஜூன் 3-ஆம் தேதி அகமதாபாத் இறுதி ஆட்டத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கலாம். பஞ்சாப் இருவரை மட்டும் தக்கவைத்து, 110.5 கோடியோடு ஏலத்துக்குப் போய், ஷ்ரேயஸ் ஐயருக்கு 26.75 கோடி, அர்ஷ்தீப், சஹல் இருவருக்கும் தலா 18 கோடி எனக் கொட்டியது. பெங்களூரு கோலிக்கு 21 கோடி கொடுத்தது உண்மை. ஆனால் ஏலத்தில் ஹேசில்வுட்டின் 12.5 கோடிக்கு மேல் யாருக்கும் போகவில்லை. 10 முதல் 12 கோடிக்குள் மூன்று நான்கு பேர், 5.75 கோடிக்கு குருணால் பாண்டியா. வென்றது பெங்களூரு, 6 ரன்னில். ஆறு ரன்னை வைத்து ஒரு கொள்கையை நிறுவினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

ஏலத்தில் உச்ச விலை கொடுத்தவர் பெரும்பாலும் அதிகமாகவே கொடுத்திருப்பார் என்று ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த நிறுவனங்களின் லாபம் ஏன் இவ்வளவு குறைவு என்று ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-ல் இதை எழுதினார்கள். எல்லோரும் குத்துமதிப்பாக ஒரு மதிப்புப் போடும்போது, ஜெயிப்பது அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்தவர்தான். 2014-ல் 14 கோடிக்கும் அடுத்த ஆண்டு 16 கோடிக்கும் போன யுவராஜ் சிங்கும், 2025-ல் 27 கோடிக்கு லக்னோவுக்குப் போய், கடைசி லீக் ஆட்டத்தின் சதம் வரை தடுமாறிய ரிஷப் பண்டும் இதற்கு உதாரணமாகிறார்கள். எதிர் உதாரணமும் உண்டு. 2024-ல் 24.75 கோடி வாங்கிய மிட்செல் ஸ்டார்க் சீசன் முழுக்கத் திட்டு வாங்கினார். முதல் தகுதிச்சுற்றிலும் இறுதி ஆட்டத்திலும் கொல்கத்தாவுக்காக அத்தனையையும் ஈடுகட்டினார்.

சென்னையின் சொந்த வரலாறு இந்தச் சண்டையைத் தீர்ப்பதற்குப் பதில் இன்னும் சிக்கலாக்குகிறது. 2023-க்காக 16.25 கோடி கொடுத்து வாங்கப்பட்ட பென் ஸ்டோக்ஸ் ஆடியது இரண்டே ஆட்டம், எடுத்தது 15 ரன். அதே ஏலத்தில் அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு, வேறு யாரும் கை தூக்காமல் வந்த அஜிங்க்யா ரகானே 172 ஸ்டிரைக் ரேட்டில் 326 ரன் அடித்தார். கோப்பை சென்னைக்கு. அதாவது பணத்தில் ஒரு பெரிய தொகை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்டில் அணி வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 14 கோடி தீபக் சஹர் காயத்தால் ஓர் ஆட்டமும் ஆடாதபோது, அணி ஒன்பதாவது இடத்துக்குப் போனது. இரண்டு ஆண்டும் வீணான தொகை ஏறக்குறைய ஒன்று. முடிவுகள் இரண்டு துருவம்.

நம்ம பசங்க எங்கே

தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரிய ஒரு வாதமும் இதில் உண்டு. சென்னை என்ற பெயர் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு வீரர்களைக் கண்டுகொள்வதில்லை என்பது. பத்ரிநாத், முரளி விஜய், பாலாஜி, அஸ்வின் ஆடிய தொடக்க ஆண்டுகளின் நினைவு அதற்குத் தீனி போடுகிறது. உள்ளூர் வீரர்களுக்கு இடம் ஒதுக்கும் விதி அப்போது இருந்ததும் அந்த நிலைமைக்கு ஒரு காரணம் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

மனக்குறைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சாய் சுதர்சனை 2022-ல் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2025-ல் 759 ரன்னோடு, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி அவர் தலையில். சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசன்கள் சென்னை அணியிலேயே இருந்தார். ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. அவரும் குஜராத் போய்த்தான் பந்துவீசினார். வருண் சக்கரவர்த்தியை 12 கோடிக்குக் கொல்கத்தா நிறுத்திக்கொண்டது.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வாதம் ஒரு படி நெருக்கமானது. காரைக்குடியிலிருந்து பெயர் மாறி வந்த திருப்பூர் தமிழன்ஸ் அணி, 2024 தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஏலத்தில் சாய் கிஷோரை 22 லட்சத்துக்கு எடுத்துக் கேப்டனாக்கியது. சேலம் மாவட்டத்து நடராஜனையும் எடுத்தது. 2025 ஜூலை 6-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் 220 ரன் குவித்து, திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் புதைத்துக் கோப்பையை வாங்கியது. துஷார் ரஹேஜா அந்தத் தொடரில் 488 ரன் எடுத்தார். சென்னை கடைசி இடத்தில் முடித்து ஆறு வாரத்துக்குள் நடந்த விஷயம் இது. "நம்மூரு டீமு செஞ்சத அவங்களால செய்ய முடியலையா?" என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

கேள்வி நியாயம்தான், ஒப்பீடு கொஞ்சம் தளர்வு. டி.என்.பி.எல். 2023-ல்தான் ஏலத்துக்கு மாறியது; அந்த ஆண்டு ஓர் அணிக்கு மொத்தமே 70 லட்சம். அதில் 21.6 லட்சத்தைக் கோவை சாய் சுதர்சனுக்கு ஒதுக்கியது. எதிரணியில் நிற்பவர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள். வெளிநாட்டு வீரர் என்ற கணக்கே கிடையாது. அங்கே ஜொலிப்பவர் எல்லோரும் ஐ.பி.எல்.-இல் ஜொலிப்பதில்லை. அத்தோடு, 2025 சென்னை அணியில் தமிழ்நாட்டுக்காரர்களே இல்லை என்பதும் சரியல்ல. அஸ்வின் பத்தாண்டு கழித்துத் திரும்பியிருந்தார். விஜய் சங்கர், குர்ஜப்னீத் சிங், ஆந்திரே சித்தார்த் இருந்தார்கள். அஸ்வின் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டோடு முடித்து, ஆகஸ்டில் ஐ.பி.எல்.-இலிருந்தே ஓய்வு பெற்றார். மண்ணின் பிள்ளை என்ற தகுதி விலையைக் கூட்டலாம். விக்கெட்டைக் கூட்டியதற்கு இங்கே சான்று இல்லை. இதை இப்படி எழுதுவது தமிழ் வாசகர் சிலருக்குக் கசக்கும். ஆனாலும் சாய் கிஷோரை இரண்டு ஆண்டு உட்காரவைத்தது கண் தவறிய கணக்கில்தான் சேரும்.

ஜடேஜா போய் சஞ்சு வந்த கதை

எல்லா வாதங்களும் ஒன்றுசேர்ந்து வெடித்தது 2025 நவம்பர் 15-ஆம் தேதி. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கிக்கொண்டது.

ஐ.பி.எல்.-இல் டிரேடு புதிதல்ல. 2009-லேயே ஜாகீர் கானையும் ராபின் உத்தப்பாவையும் மும்பையும் பெங்களூரும் மாற்றிக்கொண்டன. ஆனால் அது பல காலம் ஓரத்துச் சங்கதியாகவே இருந்தது. 2023 நவம்பரில் ஹார்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பிய பிறகுதான் அதன் முழு வீச்சு தெரிந்தது. அப்போது வெளிச்சத்துக்கு வந்த ஒரு நுணுக்கம் இன்றுவரை சரியாகப் பேசப்படவில்லை: வீரரின் சம்பளம் அணியின் உச்சவரம்பில் கழியும், அணிகள் தங்களுக்குள் கைமாற்றும் மாற்றுக் கட்டணம் அதில் வராது, வெளியே சொல்லவும் தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே பணம் என்ற அடிப்படையில் திறந்திருக்கும் ஒரு கதவு இது. ராட்டன்பெர்க் இருந்திருந்தால் முதலில் இங்கேதான் பார்த்திருப்பார்.

ஜடேஜாவின் வரலாறே விதிகளின் வரலாறு. ராஜஸ்தானில் ஒப்பந்தத்தில் இருந்தபோது வேறு அணியோடு பேரம் பேசினார் என்று 2010 சீசன் முழுக்க ஆடத் தடை விதிக்கப்பட்டவர். 2012-ல் சென்னையும் டெக்கானும் 20 லட்சம் டாலர் உச்சத்தில் முட்டிக்கொள்ள, ரகசிய ஏலத்தில் சென்னைக்கு வந்தார். 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டியபோது மோகித் சர்மாவை ஒரு சிக்சும் ஒரு பவுண்டரியும் அடித்தார். அந்த ஆளை, அவருடைய 37-ஆம் பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, தடைக்கு முன் அவர் இருந்த அதே ராஜஸ்தானுக்கே அனுப்பியது பலருக்குத் தாங்கவில்லை.

உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்த்தால்: சென்னை கொடுத்தது ஜடேஜாவின் 18 கோடியும் கரனின் 2.4 கோடியும், வாங்கியது சாம்சனின் 18 கோடி. கையில் 2.4 கோடி மிச்சம், ஒரு வெளிநாட்டு இடமும் காலி. ஜடேஜாவின் சம்பளம் மாற்றத்தின்போது 18-லிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டதால் ராஜஸ்தானுக்கும் 1.6 கோடி மிச்சம். 18 கோடி என்ற தக்கவைப்பு விலை ஓராண்டில் 14 ஆனது, தக்கவைப்பைக் குறை சொன்னவர்களுக்குக் கிடைத்த முதல் எழுத்துபூர்வ ஆதாரம். 31 வயது தொடக்க ஆட்டக்காரர், விக்கெட் கீப்பர், கேப்டன் அனுபவம்: தோனிக்குப் பிறகு யார் என்ற பல ஆண்டுக் கேள்விக்கு ஒரு பதிலும் கிடைக்கிறது.

மறுபக்கமும் லேசானதல்ல. 2025-ல் ஜடேஜா 301 ரன், 10 விக்கெட். காயத்தால் 9 ஆட்டங்களே ஆடிய சாம்சன் 285 ரன். மேல்வரிசையில் கெய்க்வாட், மாத்ரே ஏற்கெனவே இருக்க, அணிக்குக் குறைந்தது ஆல்ரவுண்டர்தானே என்பது கேள்வி. பந்துவீச்சு, கடைசி ஓவர் அடி, ஃபீல்டிங் மூன்றையும் ஒருவரிடம் வைத்திருந்ததை இழந்தால் மூன்று பேரைத் தேடவேண்டும். அந்தத் தேடலின் விலை அடுத்த மாதமே தெரிந்தது.

அபுதாபியில் ஒரு திருப்பம்

பதிரன, கான்வே, ரச்சின், திரிபாதி எனப் பலரை விடுவித்து 43.4 கோடியோடு 2025 டிசம்பர் 16-ஆம் தேதி மினி ஏலத்தில் உட்கார்ந்த சென்னை, யாரும் எதிர்பார்க்காததைச் செய்தது. 20 வயது பிரசாந்த் வீர், 19 வயது கார்த்திக் சர்மா, இருவருமே இந்தியாவுக்கு ஆடாதவர்கள், இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம், இருவருக்கும் கொடுத்தது தலா 14.2 கோடி. அன்கேப்டு வீரருக்கு அதுவரை இருந்த உச்சம் 2022-ல் ஆவேஷ் கானுக்குப் போன 10 கோடி. கையிலிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரண்டு பையன்களுக்குப் போனது. வீர் இடதுகைச் சுழல் ஆல்ரவுண்டர் என்பதால் ஜடேஜாவின் நாற்காலி யாருக்கு என்பது விளங்கியது.

டாட்ஸ் ஆர்மியிலிருந்து பேரப்பிள்ளைகள் வரை எட்டு ஆண்டுக்குள் வந்த தூரம் இது. கொள்கை மாறியது என்று கொண்டாடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பது நல்லது. மாத்ரேயைச் சென்னை பிடித்தது 30 லட்சத்துக்கு. கெய்க்வாடை 2019 ஏலத்தில் எடுத்தது 20 லட்சத்துக்கு, 2021-ல் அவர் 635 ரன் அடித்துக் கோப்பையோடு ஆரஞ்சுத் தொப்பியும் வாங்கினார். இளைஞர்கள் லாபமாக இருந்தது மலிவாக இருந்ததால். 14.2 கோடிக்கு இளைஞரை வாங்கும்போது அந்த லாபத்தின் பெரும் பகுதி விலையிலேயே போய்விடுகிறது. எண்ணெய் வயல் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். பதிரனவை அதே ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது, சென்னை தக்கவைத்த 13 கோடியைவிட 5 கோடி அதிகம். தக்கவைப்பு எப்போதுமே அதிக விலை என்ற வாதத்துக்கு அது ஒரு வெட்டு.

எது இன்னும் தீரவில்லை

2025 டிசம்பர் வரையிலான பதிவுகளை வைத்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஏலம் தொடங்கும் முன்பே பாதிப் பணத்துக்கு மேல் பூட்டிவைத்தது சென்னையின் கையைக் கட்டியது. ஆனால் 75 கோடியைப் பூட்டிய மும்பை அதே ஆண்டு இரண்டாவது தகுதிச்சுற்று வரை போனது. எனவே பூட்டிய தொகை மட்டும் காரணமாக இருக்க முடியாது; யாரைப் பூட்டினார்கள், மிச்சத்தில் யாரை எடுத்தார்கள் என்பதும் சேரவேண்டும். பிட்ச்சின் மேல் வைத்த பந்தயம் மும்பையிடம் இல்லாத, சென்னைக்கே உரிய தவறு என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. டீக்கடைகளில் இது மிகக் குறைவாகவே பேசப்பட்டது.

14 ஆட்டம் என்பது மிகச் சிறிய சான்று என்பதையும் தள்ள முடியாது. 2024 மே 18-ஆம் தேதி பெங்களூருவில் பிளே-ஆஃபுக்குள் போகச் சென்னைக்கு 201 ரன் போதும், வெல்லக்கூட வேண்டாம். கடைசி ஓவரில் 17 வேண்டும். முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார், அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். யஷ் தயாள் அந்த ஓவரில் கொடுத்தது 7 மட்டும். 191-ல் நின்ற அணி ஐந்தாவதாக முடித்தது. அந்தப் பத்து ரன் வந்திருந்தால் 65 கோடித் தக்கவைப்பைக் குறை சொல்ல எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது தெரியாது. அந்தப் பத்து ரன் வராதபோதும் அதே ஐவரைத் தக்கவைத்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

டிரேடின் நியாயத்தைச் சம்பளக் கணக்கு மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. மாற்றுக் கட்டணம் வெளியே வராத வரை, சென்னை உண்மையில் எவ்வளவுக்கு எதை வாங்கியது என்பது பாதிக் கணக்குதான். மூன்றாண்டுச் சுழற்சியில் அடுத்த மெகா ஏலம் 2028 சீசனுக்கு முன்னால் வரவேண்டும். அதுவரை சாம்சனுக்கு 18 கோடியும், இரண்டு இளைஞர்களுக்கு 28.4 கோடியும் புத்தகத்தில் இருக்கும், நடுவில் அவர்களை விடுவித்தாலோ மாற்றினாலோ தவிர. அந்த ஏலத்துக்கு முன் தக்கவைப்பு விலைகளை கிரிக்கெட் வாரியம் எந்த அளவில் நிர்ணயிக்கும், அன்கேப்டு சலுகை இன்னொரு முறை திரும்புமா என்பவற்றை எந்த அணியும் இன்று கணித்துவிட முடியாது.